கடினமாகிவிட்ட டமாஸ்கஸ் பட்டையை மென்மையாக்குவது: சாம்பலில் புதைக்கவா, வேறு வழி உண்டா?

துருத்தி:

கையில் ஒரு டமாஸ்கஸ் பட்டை இருக்கிறது. 1095, 15என்20 என்ற இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்தது, கத்தி வடிவத்துக்கு வெட்டி ஏற்கனவே எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்த (சிவக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்கிய) நிலையில் வந்தது. கனம் 5 மிமீ. அரம் வைத்தால் கண்ணாடியில் தேய்ப்பது போல வழுக்கிக்கொண்டு போகிறது, சாதாரண டிரில் பிட் முனையே மழுங்கிவிட்டது. வாலில் (கைப்பிடிக்குள் போகும் பகுதியில்) இரண்டு பின் துளை போட வேண்டும், அப்புறம் முனையின் வளைவு எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். எலக்ட்ரிக் உலை கிடையாது. கேஸ் உலை ஒன்றும் ஒரு காந்தமும்தான் இருக்கின்றன.

சிவக்கக் காய்ச்சி சாம்பலில் புதைத்தால் போதுமா? மறுபடி சூடு காட்டினால் அடுக்குகளால் வரும் வரிகள் அழிந்துவிடுமா? இந்த இரண்டும்தான் என் கேள்வி. வரி போய்விட்டால் இந்தப் பட்டையை வைத்து நான் என்ன செய்ய?

சம்மட்டி:

கவலையே வேண்டாம். காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காய்ச்சுங்கள், அதற்கு மேல் ஒரு சாயல் கூடட்டும், உடனே உலர்ந்த மரச் சாம்பலிலோ வெர்மிகுலைட்டிலோ (சூட்டை எளிதில் வெளியே விடாத கனிமத் துகள்) ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்தால் அரம் கடிக்கும். சாம்பல் ஈரமாக இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் கவனம். லாரி ஸ்பிரிங் பட்டையை எல்லாம் நான் இப்படித்தான் ஆற்றுகிறேன். வரி எங்கேயும் போகாது.

அரத்தூள்:

வரி போகாது என்பதில் சம்மட்டி அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் சாம்பல் வழி இந்தப் பட்டைக்கு நல்லதல்ல என்று நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரே எஃகில் சரியாக வேலை செய்கிற பழக்கத்தை அடுக்கு எஃகுக்கு அப்படியே கொண்டுவரும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதலில் வரி. நமக்குத் தெரிகிற வெள்ளை வரி 15என்20-இல் இருக்கும் 2 சதவீத நிக்கலால் வருவது. அடுக்குகளை ஒட்டும் வெல்டிங் சூட்டில், அதாவது 1200 டிகிரி செல்சியஸ் பக்கத்தில், கார்பன் ஒரு நிமிடத்துக்குள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடும். 5 மிமீ பட்டையில் 200 அடுக்கு இருந்தால் ஒரு அடுக்கு 25 மைக்ரான்தான், ஆகவே கார்பன் எப்போதோ எல்லா அடுக்கிலும் சமமாகப் பரவியிருக்கும். நிக்கல் அப்படியல்ல, அதே சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தாலும் சில மைக்ரான்தான் நகரும். 700 டிகிரிக்குக் கீழே அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் மென்மையாக்குகிற சூட்டில் வரி அழிய வழியே இல்லை. (வார்த்து எடுக்கிற ஊட்ஸ் எஃகு வேறு சாதி. அதன் வரி கார்பைடு (இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினப் பொருள்) மணிகளால் ஆனது, சூடு மீறினால் அவை கரைந்து வரியே காணாமல் போகும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் இந்தப் பயத்தைக் கிளப்புகிறார்கள்.)

இப்போது விஷயம். உங்கள் பட்டை ஏற்கனவே தோய்ச்சல் ஏறியது, அதாவது உள்ளே இருப்பது மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பு. மார்ட்டென்சைட்டை மென்மையாக்க அதை மறுபடி ஆஸ்டினைட் (அதிகச் சூட்டில் எஃகு எடுக்கும் அமைப்பு) ஆக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆஸ்டினைட் ஆகத் தொடங்கும் எல்லைக்குக் கீழே, 650 டிகிரி பக்கத்தில், ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தாலே கார்பன் வெளியே வந்து நுண்ணிய உருண்டை மணிகளாக மென்மையான இரும்புக்குள் உட்கார்ந்துவிடும். துளை போடவும் அரம் போடவும் அதைவிட நல்ல நிலை கிடையாது. எல்லையைத் தாண்டாததால் மெதுவாக ஆற்ற வேண்டியதும் இல்லை. உலையிலிருந்து எடுத்து அப்படியே காற்றில் வைத்துவிடலாம், திரும்பக் கடினமாகாது.

சாம்பல் வழியில் நீங்கள் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு கிடைக்கிற மென்மை முழுக்க முழுக்க ஆறும் வேகத்தைப் பொறுத்தது. கனமான ஸ்பிரிங் பட்டை சாம்பலுக்குள் பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய கத்தி அப்படி இருக்காது. முக்கியமான சூட்டு எல்லையை நிமிடங்களில் கடந்துவிடும், கிடைப்பது நுண்ணிய பியர்லைட் என்ற ஓரளவு கடினமான அமைப்பு. அரம் கடிக்கும், ஆனால் பிட் கஷ்டப்படும்.

சம்மட்டி:

மெல்லிசாக இருந்தால் அதோடு ஒரு தடித்த இரும்புக் கட்டியையும் அதே சிவப்புக்குக் காய்ச்சி, இரண்டையும் ஒட்டி வைத்துப் புதைக்க வேண்டும். கட்டியின் சூடு கத்தியையும் தாங்கிப் பிடிக்கும். பட்டறையில் வேலை பழகிய யாரும் இதைச் செய்வார்கள். மணிக்கணக்காக 650-இல் நிறுத்தி வை என்று சொல்வது எளிது, கேஸ் உலையில் அதை எப்படிச் செய்வது? அவரிடம் இருப்பது காந்தம் மட்டும்தானே. காந்தம் ஒட்டுகிற சூட்டிலேயே நிறுத்தினால் எல்லைக்குக் கீழே இருக்கிறோம் என்று அர்த்தம், அவ்வளவுதானே?

அரத்தூள்:

கட்டியோடு சேர்த்துப் புதைப்பது நல்ல யோசனை, 1084 மாதிரி ஒரே எஃகாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

காந்தம் பற்றித்தான் மாறுபடுகிறேன், அடுக்கு எஃகில் அது பொய் சொல்லும். நிக்கல் ஆஸ்டினைட் எல்லையைக் கீழே இழுக்கிறது. உலோகவியலாளர் ஆண்ட்ரூஸ் 1965-இல் கொடுத்த கணக்கின்படி ஒவ்வொரு சதவீத நிக்கலுக்கும் சுமார் 17 டிகிரி இறங்கும். அந்தக் கணக்கு கார்பன் குறைவான எஃகுகளை வைத்துப் போட்டது, ஆகவே தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டுப் பார்த்தால் 1095 அடுக்கு 725 பக்கத்தில் மாறத் தொடங்கும், 15என்20 அடுக்கு 690 பக்கத்திலேயே மாறத் தொடங்கிவிடும். இடையில் 35 டிகிரி இருக்கிறது. அந்த 35 டிகிரிக்குள் நீங்கள் நின்றால் என்ன ஆகும்? நிக்கல் அடுக்குகள் ஆஸ்டினைட்டாக மாறிக்கொண்டிருக்கும், 1095 அடுக்குகள் இன்னும் மாறாமல் காந்தத்தை நன்றாகவே இழுக்கும். காந்தம் ஒட்டுகிறதே, கீழேதான் இருக்கிறோம் என்று நம்பி வெளியே எடுத்துக் காற்றில் வைப்பீர்கள். மாறிய அடுக்குகள் ஆறும்போது திரும்பக் கெட்டியாகும். நிக்கல் பியர்லைட் உருவாவதையும் தாமதப்படுத்துகிறது, ஆகவே மெல்லிய பட்டையில் அவைதான் பக்கத்து அடுக்கைவிடக் கூடுதலாகக் கெட்டிப்படும். பிட் ஒரு மென்மையான அடுக்கில் இறங்கும், அடுத்த அடுக்கில் கீச்சென்று நின்றுவிடும். டமாஸ்கஸில் துளை போடும்போது "பாதி இறங்கியது, அப்புறம் நகரவில்லை" என்று பலரும் புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

அதனால் அடுக்கு எஃகுக்கு எல்லையைத் தீர்மானிப்பது அதில் எந்த அடுக்கு முதலில் மாறுமோ அந்த அடுக்குதான். 15என்20 இருந்தால் 675-ஐத் தாண்டாதீர்கள், 650 இன்னும் நிம்மதி. 30 டிகிரி குறைவதால் மென்மையில் பெரிய இழப்பு வராது, கொஞ்ச நேரம் கூட வைத்தால் சரியாகிவிடும். 30 டிகிரி கூடினால் செய்த வேலை எல்லாம் வீண்.

துருத்தி:

இப்போது புரிகிறது. ஆனால் 650-ஐ நான் எப்படித் தெரிந்துகொள்வது? நிறம் பார்த்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை.

தணல்:

முடிந்தால் கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி உணரி) ஒன்றும் ஒரு டிஸ்ப்ளேயும் வாங்கிவிடுங்கள், கத்தி வேலையில் அதைவிடப் பயன்படுகிற கருவி இல்லை. அது வரும்வரை இரண்டு பொருட்கள் கைகொடுக்கும்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஒரு முனை மூடிய இரும்புக் குழாயை உலைக்குள் படுக்க வைத்து, அதற்குள் கத்தியை வையுங்கள், பக்கத்தில் ஒரு சின்ன மண் கிண்ணத்தில் சுத்தமான அலுமினியக் கம்பித் துண்டு. கம்பி உருகத் தொடங்குகிற இடத்தில் கேஸைக் குறைத்து, உருகாத எல்லையிலேயே பிடித்து வைத்தால் நீங்கள் 650-ஐ ஒட்டி இருக்கிறீர்கள். கிண்ணம் கட்டாயம், உருகிய அலுமினியம் கத்தியில் படவே கூடாது. துத்தநாகம் பூசிய குழாயைப் பயன்படுத்தாதீர்கள், அதன் புகை உடம்புக்கு ஆகாது.

குழாய் இன்னொரு விதத்திலும் உதவும். கேஸ் உலையின் தீ நேராகப் படும் இடம் மற்ற இடத்தைவிட நூறு டிகிரி அதிகமாகவே இருக்கும், மெல்லிய முனையும் வாயும் (வெட்டும் விளிம்பும்) முதலில் எகிறும். குழாய் அந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கிறது. ஒரு துண்டு கரியையும் உள்ளே போட்டு வைத்தால் இருக்கிற ஆக்சிஜனை அது தின்றுவிடும், செதிலும் குறையும், மேல்தோலில் கார்பன் இழப்பும் குறையும்.

நிறம் என்றால், நன்றாக இருட்டிய அறையில் இரும்பு கண்ணுக்குத் தெரிய ஒளிரத் தொடங்குவது சுமார் 525 டிகிரியில். அதிலிருந்து கொஞ்சம் ஏறி, மங்கிய இரத்தச் சிவப்பாக இருப்பதுதான் 600-650. வெளிச்சமான இடத்தில் அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது, அதனால்தான் பகலில் வேலை செய்கிறவர்கள் எப்போதும் சூட்டைக் கூட்டிவிடுகிறார்கள்.

கொறடு:

நடுவில் ஒன்று கேட்கிறேன். துளைதான் முக்கியம் என்றால் முழுக் கத்தியையும் ஏன் மென்மையாக்க வேண்டும்? முனையின் வளைவைக் கிரைண்டரிலேயே மாற்றிவிடலாம், கடினமான எஃகைப் பெல்ட் தாராளமாகத் தின்னும். புது பெல்ட், வெறும் கை, ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் முக்கி எடுப்பது, சூடு கையில் உறைத்தால் உடனே நிறுத்துவது. இவ்வளவு செய்தால் வாயின் பதம் போகாது. வாலை மட்டும் டார்ச்சில் பதம் இறக்குங்கள் (சூடு காட்டிக் கடினத்தைக் குறையுங்கள்). வாய்ப்பக்கத்தைத் தண்ணீர் நிறைந்த தட்டில் அமிழ்த்தி, வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துச் சூடு காட்டினால் போதும். முழுதாக மென்மையாக்கினால் மறுபடி தோய்ச்சல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தோய்ச்சலும் வளைவதற்கும் வெடிப்பதற்கும் இன்னொரு வாய்ப்பு. அடுக்கு எஃகில் அந்த ஆபத்து கூடுதல்.

அரத்தூள்:

கொறடு சொல்வதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். துருத்தி, தோய்ச்சல் நன்றாக விழுந்திருக்கிறது, பதமும் (தோய்ச்சலுக்குப் பின் மிதமான சூட்டில் வைத்து நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) பார்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் இதுதான் சிறந்த வழி.

ஒரு எச்சரிக்கை மட்டும். டார்ச்சில் நீல நிறம் வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நீலம் 300 டிகிரி பக்கம், அந்த நிலையில் இந்த எஃகு ராக்வெல் சி கடினத்தன்மை அளவில் இன்னும் 50-க்கு மேலேயே இருக்கும், சாதாரண பிட் அதில் வேலைக்கு ஆகாது. நீலத்தையும் சாம்பல் நிறத்தையும் தாண்டி, நிழலில் மங்கிய சிவப்பு தெரியும்வரை போய், சில நிமிடம் பிடித்து, ஆறவிட்டு, திரும்ப இரண்டு முறை அப்படியே செய்ய வேண்டும். பிரகாசமான சிவப்புக்குப் போகாதீர்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறது, குளிர்ந்த கத்தி சூட்டை உறிஞ்சும், எல்லையைத் தாண்டிய வால் நொடியில் திரும்பக் கெட்டியாகிவிடும்.

துருத்தி:

பதம் பார்த்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அரம் வழுக்குவதைப் பார்த்தால் தோய்ச்சலோடு அப்படியே விட்டது போலத்தான் இருக்கிறது. வாய்ப் பக்கத்தையும் நிறையவே மெலிதாக்க வேண்டும். அதனால் முழுதாக மென்மையாக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கவே நினைக்கிறேன்.

கொறடு:

அப்படியானால் சூடு காட்டுவதற்கு முன் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பதம் பார்க்காமல் நாள் கணக்கில் கிடந்த எஃகில் தானாகவே வெடிப்பு விழும், அடுக்குகள் சரியாக ஒட்டாத இடமும் தோய்ச்சலில் திறந்துகொள்ளும். மென்மையாக்கினால் எஃகின் இறுக்கம் போகும், வெடிப்பு ஒட்டாது. செய்முறை எளிது: மண்ணெண்ணெயில் சில மணி நேரம் ஊற வையுங்கள், துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள், மேலே சாக்பீஸைத் தேய்த்துச் சற்று காத்திருங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். முதுகுப் பக்கமும் வாலின் ஓரமும் முக்கியமாகப் பாருங்கள், அடுக்குகளின் விளிம்பு தெரிகிற இடம் அதுதான்.

துருத்தி:

சாக்பீஸ் பார்த்தேன், கோடு எதுவும் இல்லை. குழாயும் அலுமினியமும் வைத்து, கம்பி உருகாத சூட்டில் இரண்டு மணி நேரம் போலப் பிடித்தேன், வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிட்டேன். அரம் இப்போது நன்றாகக் கடிக்கிறது, சுருள் சுருளாக வருகிறது. ஆனால் மேலே வரியை வெளிக்காட்டும் அரிப்புக் கரைசலான ஃபெரிக் குளோரைடு தடவிப் பார்த்தபோது வரி மிகவும் மங்கலாக இருக்கிறது. முன்பு இருந்த கறுப்பு வெள்ளை வேறுபாடு இல்லை. இது சரியா?

அரத்தூள்:

சரிதான், பயப்படாதீர்கள். மென்மையான நிலையில் வரி எப்போதும் மங்கலாகத்தான் தெரியும். 1095 அடுக்கு தோய்ச்சலும் பதமும் ஏறிய பிறகுதான் அமிலத்தில் ஆழமாகக் கறுக்கும், நிக்கல் அடுக்கு வெள்ளையாக நிற்கும். நிக்கல் அங்கேயேதான் இருக்கிறது, கடைசியில் திரும்ப வரும்.

துளை போடும்போது வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். 6 மிமீ ஹை ஸ்பீடு பிட்டுக்கு நிமிடத்துக்கு 600 சுற்று போதும், கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டே இருங்கள். பிட் வெட்டாமல் வெறுமனே சுற்ற ஒரு நொடிகூட விடாதீர்கள், மழுங்கிய பிட் உரசும் சூட்டிலேயே அந்த இடம் மட்டும் மறுபடி கெட்டியாகிவிடும். துளையின் இரண்டு பக்க விளிம்பையும் லேசாகச் சரித்துவிடுங்கள், கூரான விளிம்புதான் தோய்ச்சலில் வெடிப்புக்கு விதை.

இன்னொன்று, வரியின் தோற்றம் ஆழத்தைப் பொறுத்தது. மழைத்துளி, ஏணி மாதிரி வரிகளில் அரை மில்லிமீட்டர் தேய்த்தாலே உருவம் மாறும். இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து, கறுத்த மேல்தோலை எடுத்ததும் நிறுத்தி ஒரு முறை அமிலத்தில் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தணல்:

தோய்ச்சலுக்கு வரும்போது அலுமினியத்துக்குப் பதிலாக உப்பு. சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும், உங்களுக்கு வேண்டிய சூடும் 800-இலிருந்து 815. கத்தி மேல் ஒரு சிட்டிகை தூவி, அது கண்ணாடித் துளியாக உருகும் இடத்தில் ஐந்து நிமிடம் பிடித்தால் போதும். அதற்கு முன் ஒரு முறை அதே சூட்டுக்குக் கொண்டுபோய், கறுக்கும்வரை காற்றில் ஆற்றினால் இறுக்கமும் போகும், மணிகளில் உட்கார்ந்த கார்பனும் சீக்கிரம் கரையும். 1095-க்கு வேகமான எண்ணெய் வேண்டும், 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால் எண்ணெய் இளகி இன்னும் வேகமாகக் குளிர்விக்கும். வாயை 0.7 மிமீக்குக் கீழே மெலிதாக்கிவிட்டு முக்காதீர்கள். கைக்குச் சூடு ஆறியதும் நேராக 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு முறை. இந்த முறை பதம் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சம்மட்டி:

நிக்கல் அடுக்கு முன்னாடியே மாறும் என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன், அடுத்த டமாஸ்கஸ் பட்டைக்குக் குழாய் வைத்துப் பார்க்கிறேன். ஸ்பிரிங் பட்டைக்கு என் சாம்பல்தான். ஒரு கேள்வி: ஸ்டெய்ன்லெஸ் அடுக்கு வைத்த பட்டைக்கும் இதே 650 செல்லுமா?

அரத்தூள்:

செல்லாது அண்ணே. குரோமியம் எல்லையை மேலே தள்ளும், பதம் இறங்குவதையும் தடுக்கும், 650-இல் அது போதிய அளவு மென்மையாகாது. பெரும்பாலான ஸ்டெய்ன்லெஸ் கத்தி எஃகுக்கு இன்னும் நூறு டிகிரி மேலே போய் நீண்ட நேரம் வைக்க வேண்டும், துல்லியமான சூட்டை அந்த எஃகைத் தயாரித்தவரின் தாளில் பார்த்தே எடுக்க வேண்டும். எல்லையைத் தாண்டிவிட்டால் சாம்பல் சுத்தமாக உதவாது. அது காற்றிலேயே கடினமாகும் எஃகு, உலைக்குள்ளேயே மணிக்கு 10, 20 டிகிரி என்று இறக்க வேண்டியிருக்கும். கேஸ் உலையில் அந்த வேலை நடக்காது. ஓ1, எல்6 என்ற கருவி எஃகு அடுக்குகள் இருந்தாலும் சாம்பலை நம்பாதீர்கள், மெல்லிய பட்டையில் இரண்டும் காற்றிலேயே ஓரளவு கெட்டிப்படும். அவற்றுக்கு இந்த 650 தாராளமாகச் செல்லும்.